டேட்டாபேஸ் கருவிகளின் கொமாண்ட்-லைன் ஒப்ஷன்களைத் தமிழில் எழுதி வைப்பது எப்படி? மலையக ஆபிஸ்களுக்கான முழு வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் இன்றைக்குத் தோட்ட ஆபிஸிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. கொழுந்து நிறுவை, செக்ரோல், சம்பளம், ஈபிஎஃப் கழிவு எல்லாம் அதற்குள்தான். ஆனால் அதை நிறுவிக் கொடுத்தவர் பெரும்பாலும் கண்டியிலோ கொழும்பிலோ இருப்பார். பெக்கப் ஓடாமல் நின்றுவிட்ட அன்று கீபோர்ட் முன்னால் உட்காருவது ஆபிஸ் கிளாக்கர், இல்லாவிட்டால் ஏ.எல். முடித்துவிட்டு வேலைக்கு வந்த ஒரு தம்பியோ தங்கச்சியோ. கருவியை ஓட்டத் தட்டுகிற வரிதான் கொமாண்ட், அது எப்படி ஓட வேண்டும் என்று கூடவே கொடுக்கிற சொற்கள்தான் ஒப்ஷன்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருக்க வேண்டிய, இவற்றை விளக்குகிற தாளை எப்படி எழுதுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

"ஹெல்ப் என்று தட்டினால் எல்லாம் வருமே, பிறகு எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்பார்கள். ஹெல்ப்பில் ஒரு ஒப்ஷனைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஒரு வரி இருக்கும். அதைக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும், எதோடு சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து, சரியாக முடிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்காது. டேட்டா தொலைகிற இடமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதனால் ஹெல்ப்பை அப்படியே தமிழாக்கி வைப்பதால் யாருக்கும் பிரயோசனம் இல்லை, விடுபட்டதை எழுத வேண்டும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே: கீழே கொமாண்ட் பெயர்களையும் ஒப்ஷன்களையும் சத்தப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று. உங்கள் டொக்கியுமென்டில் அவற்றை ஆங்கில எழுத்தில், கருவி கேட்கிற அதே எழுத்துக்கூட்டலில்தான் போட வேண்டும். சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் உயிர் போகிற விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மூலப்பொருளைச் சேருங்கள்

எழுத உட்காருவதற்கு முன்னால், அந்த ஆபிஸில் உண்மையிலேயே எந்தக் கருவி, எந்த வெர்ஷன் இருக்கிறது என்று பாருங்கள். இணையத்தில் கிடைக்கிற பக்கம் புதிய வெர்ஷனுக்கு எழுதியதாக இருக்கும், தோட்டத்து மெஷினில் ஓடுவதோ பல வருஷம் பழையது. கருவியின் பெயரோடு வெர்ஷன் ஒப்ஷனைக் கொடுத்து வருகிற வரியையும், ஹெல்ப் ஒப்ஷனைக் கொடுத்து வருகிற முழு வெளியீட்டையும் தனித்தனி ஃபைலில் சேமித்து வையுங்கள். லினக்ஸ் என்றால் மேன் பக்கத்தையும் (கருவியோடு வருகிற கையேடு) சேருங்கள்.

சேர்வரின் (டேட்டாபேஸை ஓட்டுகிற மென்பொருளின்) வெர்ஷனையும் கேட்டு எழுதுங்கள், கருவியின் வெர்ஷன் மட்டும் காணாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் பெக்கப் கருவியான பிஜி_டம்ப், தன்னைவிடப் புதிய மேஜர் வெர்ஷன் சேர்வரிலிருந்து பெக்கப் எடுக்கவே மாட்டாது. சேர்வர் வெர்ஷன் மிஸ்மேட்ச் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பழைய சேர்வரிலிருந்து புதிய பிஜி_டம்ப் எடுக்கும், பிரச்சினை இல்லை. சேர்வரை மட்டும் புதுப்பித்துவிட்டு, பெக்கப் எடுக்கிற மெஷினில் பழைய கருவியை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அன்று ராத்திரியிலிருந்து பெக்கப் கிடையாது. இந்த ஒரு வரி உங்கள் தாளின் முதல் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

மைஎஸ்கியூஎல் என்ற மற்ற டேட்டாபேஸ் பக்கம் வந்தால், அதன் பெக்கப் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப்பின் ஹெல்ப்பை முடிவுவரை கீழே தள்ளிப் பாருங்கள். எந்தெந்த கொன்ஃபிக் ஃபைல்களை எந்த வரிசையில் வாசிக்கிறது என்று சொல்லும், கடைசியில் ஒவ்வொரு ஒப்ஷனுக்கும் இந்த மெஷினில் இப்போது இருக்கிற மதிப்பைப் பட்டியல் போடும். நாம் எழுதப்போகிற "கொடுக்காவிட்டால்" பகுதிக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி போட்டிருந்தால் கருவியின் பெயர் மரியாடிபி-டம்ப் என்றும் இருக்கும், பழைய பெயரும் பல இடங்களில் வேலை செய்யும். அந்த மெஷினில் எந்தப் பெயர் ஓடுகிறதோ அதை எழுதுங்கள்.

அகர வரிசையை விடுங்கள்

பிஜி_டம்ப்புக்கே பல பத்து ஒப்ஷன்கள் உண்டு. எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. அந்த ஆபிஸில் நடக்கிற வேலைகளை முதலில் எழுதுங்கள்: தினம் ராத்திரி பெக்கப், மாதச் சம்பளத்துக்கு முன்னால் ஒரு தனி பெக்கப், பயிற்சிக்காக ஒரு கொப்பியை மீட்டெடுப்பது, ஒரு டேபிளை மட்டும் எடுப்பது. அந்த வேலைக்குத் தேவையான ஒப்ஷன்களை அந்த வேலையின் கீழேயே வையுங்கள். சேர்வரோடு இணைகிறவை எல்லாக் கருவிக்கும் பொது என்பதால் அவற்றை ஒரு தடவை முன்னால் எழுதிவிட்டால் போதும். அகர வரிசை அட்டவணை கடைசிப் பக்கத்துக்கு, யாராவது பழைய ஸ்கிரிப்ட் ஒன்றைப் பார்த்துவிட்டு "இந்த பெரிய எஃப் என்னது?" என்று தேடும்போது உதவ.

கொமாண்ட் வரியை எழுதுகிற முறை

மேன் பக்கங்களில் ஒரு மரபு இருக்கிறது: சதுர அடைப்புக்குள் இருந்தால் கொடுத்தாலும் சரி விட்டாலும் சரி, நிமிர்ந்த கோடு இருந்தால் இரண்டில் ஒன்று, மூன்று புள்ளி இருந்தால் மறுபடி மறுபடி கொடுக்கலாம். இதை அறிந்தவருக்கு இது சுகம், அறியாதவர் சதுர அடைப்பையும் சேர்த்துத் தட்டுவார். ஆபிஸ் தாளில் இந்த மரபைத் தவிர்த்துவிட்டு முழு உதாரண வரியாகவே எழுதுங்கள்.

அப்போது ஒரு கேள்வி வரும்: பயனர் பெயர், டேட்டாபேஸ் பெயர் போன்ற மாற்ற வேண்டிய இடங்களை எப்படிக் காட்டுவது? ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கோணக் குறிகளுக்குள் போடுவார்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தக் குறிகளுக்கு ஷெல்லில் (கொமாண்ட் தட்டுகிற இடத்தில்) வேறு வேலை உண்டு, ஒன்று ஃபைலிலிருந்து வாசிக்கச் சொல்லும், மற்றது ஃபைலில் எழுதச் சொல்லும். அப்படியே தட்டினால் பிழைச் செய்தி வரலாம், இருக்கிற ஃபைல் ஒன்று அழிந்தும் போகலாம்.

நமக்கு இதைவிட நல்ல வழி கையிலேயே இருக்கிறது. கொமாண்ட் முழுவதும் ஆங்கில எழுத்து, மாற்ற வேண்டிய இடம் மட்டும் தமிழ் எழுத்து. யூசர்நேம் ஒப்ஷனுக்குப் பக்கத்தில் "பயனர்பெயர்" என்று தமிழில், டிபிநேம் ஒப்ஷனுக்குப் பக்கத்தில் "டேட்டாபேஸ்பெயர்" என்று தமிழில். தாளின் தலைப்பிலேயே ஒரு விதி: தமிழில் இருப்பதை எடுத்துவிட்டு உங்கள் ஆபிஸ் விவரத்தைப் போடுங்கள், மற்றது எதையும் தொடாதீர்கள். யாராவது மறந்துபோய் அப்படியே தட்டினாலும் அந்தப் பெயரில் ஒரு சேர்வரோ பயனரோ இருக்கப்போவதில்லை, இணையாமலேயே நின்றுவிடும். பார்த்தவுடன் கண்ணுக்குப் பிடிபடுகிற இந்த வித்தியாசம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குக் கிடைக்காத வசதி, பாவியுங்கள்.

அப்புறம், டொக்கியுமென்டை வேர்ட் மாதிரி மென்பொருளில் எழுதினால் தானாகத் திருத்துகிற வசதியை முதலில் நிறுத்துங்கள். இரண்டு ஹைஃபனைச் சேர்த்து ஒரு நீளக் கோடாக மாற்றிவிடும், நேரான மேற்கோளை வளைந்ததாக்கிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும், கொப்பி பண்ணி ஒட்டினால் ஓடாது. மிச்சம் பேர் கருவியில்தான் பிழை என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிற இடம் இது. நீளமான கொமாண்ட் அச்சில் அடுத்த வரிக்குப் போனால், எங்கே உடைகிறது என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள். ஹைஃபன் இருக்கிற இடத்தில் தானாக உடைந்தால், அந்த ஹைஃபன் ஒப்ஷனுக்கு உரியதா, வரி முறிந்ததால் வந்ததா என்று வாசிக்கிறவருக்கு விளங்காது.

ஒரு ஒப்ஷனை முழுமையாக எழுதுவது

ஒவ்வொரு ஒப்ஷனுக்கும் நான் கேட்கிற கேள்விகள் இவை. சரியான எழுத்துக்கூட்டல் என்ன, குட்டிப் பெயரும் நீளப் பெயரும்? மதிப்பு ஏதாவது கேட்கிறதா, கேட்டால் இடைவெளி விட்டா, சமக்குறி போட்டா, ஒட்டியா? என்ன செய்கிறது? கொடுக்காவிட்டால் என்ன? எதோடு சேராது? ஓடிப் பார்த்த ஒரு உதாரணம். இந்த வரிசையை எல்லா ஒப்ஷனுக்கும் கட்டாயப்படுத்த வேண்டாம். வெர்போஸ் ஒப்ஷனுக்கு "வேலை நடப்பதைத் திரையில் காட்டும்" என்ற ஒரு வரி போதும். சிக்கலானதற்கு ஒரு பக்கம் போனாலும் பரவாயில்லை.

மைஎஸ்கியூஎல்டம்ப்பின் சிங்கிள்-ட்ரான்சாக்ஷனை நான் எழுதினால் இப்படி வரும்:

ஒப்ஷன்: சிங்கிள்-ட்ரான்சாக்ஷன். குட்டிப் பெயர் கிடையாது. மதிப்பு எதுவும் கேட்காது.

என்ன செய்யும்: பெக்கப் ஆரம்பித்த நொடியில் டேட்டா எப்படி இருந்ததோ அந்த நிலையை அப்படியே எடுக்கும். அதற்குப் பிறகு யாராவது நிறுவை பதிந்தால் அது இந்த பெக்கப்பில் வராது, அவர்கள் பதிவதும் தடைப்படாது.

கொடுக்காவிட்டால்: வழக்கமான அமைப்பில், எடுக்கிற டேட்டாபேஸின் டேபிள்கள் எடுத்து முடியும்வரை பூட்டப்பட்டிருக்கும். பகலில் ஓடவிட்டால் நிறுவை பதிகிற திரை உறைந்த மாதிரி நிற்கும்.

கவனிக்க: இன்னோடிபி என்ற வகை டேபிள்களுக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு. மைஐசாம் வகை டேபிள் இருந்தால் அவை எடுக்கிற நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கலாம், பெக்கப்புக்குள் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் போகலாம். பெக்கப் ஓடும்போது வேறு யாரும் டேபிளின் அமைப்பை மாற்றவோ, டேபிளை அழிக்கவோ, காலி பண்ணவோ கூடாது.

இந்தக் கடைசிப் பந்திதான் ஹெல்ப்பில் விளங்காமல் போவது. பழைய மென்பொருளில் மைஐசாம் டேபிள்கள் இன்னும் கிடக்கும், எழுதுவதற்கு முன்னால் அந்த ஆபிஸின் டேபிள்கள் என்ன வகை என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, "நம்முடைய டேட்டாபேஸில் எல்லாம் இன்னோடிபி" என்றோ, "இந்த இரண்டு டேபிள் மட்டும் மைஐசாம்" என்றோ பெயரோடு எழுதிவிடுங்கள்.

இதே ஒப்ஷன் பக்கத்தில் இன்னொன்றையும் சேருங்கள்: ட்ரிகர்கள் (டேட்டா மாறும்போது தானாக ஓடுகிறவை) தானாகவே பெக்கப்பில் வரும், ஆனால் ஸ்டோர்ட் ப்ரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த புரோகிராம்கள்) ரூட்டீன்ஸ் ஒப்ஷன் கொடுத்தால்தான் வரும், நேரம் பார்த்து ஓடுகிற ஈவென்ட்களுக்கு ஈவென்ட்ஸ் ஒப்ஷன் வேண்டும். சம்பளம் கணக்குப் போடுவது ஸ்டோர்ட் ப்ரொசீஜரில் இருந்தால், அது இல்லாமல் எடுத்த பெக்கப்பை மீட்டால் டேட்டா முழுக்க இருக்கும், சம்பளம் மட்டும் கணக்காகாது. போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கு இணையான இடம் பயனர் கணக்குகள். பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும், ரோல்களை எடுக்காது. அவற்றுக்கு பிஜி_டம்ப்ஓல் கருவியை குளோபல்ஸ்-ஒன்லி ஒப்ஷனோடு தனியாக ஓட்ட வேண்டும்.

ஒரே எழுத்து, வேறு வேறு அர்த்தம்

இரண்டு வகை டேட்டாபேஸும் ஓடுகிற ஆபிஸ் என்றால் இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள். தோட்டத்துச் சம்பளம் ஒன்றில், தொழிற்சாலைக் கணக்கு மற்றதில் என்று இருந்தால் இரண்டுக்கும் ஒரே ஆள்தான் பெக்கப் எடுப்பார்.

சின்ன பி: போஸ்ட்கிரெஸ்ஸில் அது போர்ட் (சேர்வரோடு இணைகிற வாசல் எண்), மைஎஸ்கியூஎல்லில் பாஸ்வேர்ட். மைஎஸ்கியூஎல்லில் போர்ட்டுக்குப் பெரிய பி. அதோடு மைஎஸ்கியூஎல்லின் சின்ன பிக்குப் பிறகு பாஸ்வேர்டை இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். இடைவெளி விட்டால் நீங்கள் தட்டின பாஸ்வேர்டை டேட்டாபேஸ் பெயர் என்று எடுத்துக்கொண்டு, பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும். ஆனால் நம் தாளில் பாஸ்வேர்டை ஒட்டவே போவதில்லை, அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சின்ன டி (டேட்டாவின் முதலெழுத்து): போஸ்ட்கிரெஸ் கருவிகளில் அது டேட்டாபேஸ் பெயருக்கு. மைஎஸ்கியூஎல்டம்ப்பில் அதே எழுத்துக்கு "டேட்டா வேண்டாம்" என்று அர்த்தம். போஸ்ட்கிரெஸ் பழகின கை, மைஎஸ்கியூஎல்டம்ப்பில் சின்ன டி போட்டுப் பக்கத்தில் டேட்டாபேஸ் பெயரைத் தட்டினால் கொமாண்ட் அழகாக ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது, ஃபைலும் உருவாகும். அதற்குள் டேபிள்களின் அமைப்பு மட்டும் இருக்கும், ஒரு தொழிலாளியின் பெயர்கூட இருக்காது. பெக்கப் தேவைப்படுகிற நாளில்தான் தெரிய வரும். இதைச் சிவப்பில் எழுதுங்கள்.

டி-டேபிள் என்று நாம் சொல்கிற அந்த மற்றச் சின்ன எழுத்து, அதாவது டேபிளின் முதலெழுத்து: பிஜி_டம்ப்பில் குறிப்பிட்ட டேபிளை மட்டும் எடுக்க. மைஎஸ்கியூஎல்டம்ப்பிலோ டேபிளை உருவாக்குகிற வரிகளை விட்டுவிட்டு டேட்டாவை மட்டும் எடுக்க. எழுத்தைச் சத்தமாகச் சொல்லும்போதும் இது மேலே சொன்ன டியோடு குழம்பும், போனில் சொல்லிக் கொடுக்கிறவர்கள் கவனிக்க.

எஸ்கியூஎல் சேர்வர் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இருந்தால் அதன் எஸ்கியூஎல்சிஎம்டி கருவியில் சின்ன கியூ கொடுத்த வினவலை ஓட்டிவிட்டு உள்ளேயே நிற்கும், பெரிய கியூ ஓட்டிவிட்டு வெளியே வரும். ஸ்கிரிப்டில் சின்னதைப் போட்டால் அது முடியாமல் காத்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவையும் பார்த்தபிறகு என் முடிவு ஒன்றுதான்: தாளிலும் ஸ்கிரிப்டிலும் நீளப் பெயர் இருக்கிற இடமெல்லாம் நீளப் பெயரையே எழுதுங்கள். தட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், சரி, எடுக்கட்டும். நோ-டேட்டா என்று முழுதாக எழுதினால் அதை யாரும் டேட்டாபேஸ் பெயர் என்று நினைக்கப் போவதில்லை. குட்டிப் பெயர்கள் கடைசி அட்டவணையில் மட்டும்.

இணைப்பு ஒப்ஷன்களில் இன்னொரு ஒளிந்த குழி. லினக்ஸில் மைஎஸ்கியூஎல் கருவிகளுக்கு ஹோஸ்ட் என்று லோக்கல்ஹோஸ்ட்டை (இதே மெஷின் என்று அர்த்தம்) கொடுத்தால் அவை நெட்வொர்க் வழியாகப் போகாமல், மெஷினுக்குள்ளேயே இணைக்கிற சொக்கெட் ஃபைல் வழியாகப் போகும், நீங்கள் கொடுத்த போர்ட்டைக் கண்டுகொள்ளாது. ஒரே மெஷினில் 3306இல் உண்மை டேட்டாபேஸும் 3307இல் பயிற்சி டேட்டாபேஸும் இருந்தால், பயிற்சிப் பக்கம் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையில் கை வைப்போம். தாளில் 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதுங்கள்.

ஆபத்தானவற்றை எங்கே, எப்படி எச்சரிப்பது

எச்சரிக்கை எப்போதும் கொமாண்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால் வாசிப்பதற்குள் என்டர் தட்டியாகிவிட்டது. "கவனமாக இருங்கள்" என்று மட்டும் எழுதாமல், எது அழியும் என்று எழுதுங்கள்.

போஸ்ட்கிரெஸ் பெக்கப்பை மீட்கிற பிஜி_ரீஸ்டோர் கருவியின் க்ளீன், க்ரியேட் என்ற இரண்டு ஒப்ஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். க்ளீன், மீட்பதற்கு முன்னால் ஏற்கெனவே இருக்கிற டேபிள்களை அழிக்கும், அது பெயரைப் பார்த்தாலே தெரிகிறது. க்ரியேட்தான் ஏமாற்றும். க்ரியேட் கொடுத்தால், டிபிநேம் என்று நீங்கள் கொடுத்த டேட்டாபேஸ் முதலில் இணைவதற்கு மட்டும்தான், டேட்டா போய் விழுவது பெக்கப் எடுத்தபோது இருந்த பழைய பெயரிலேயே. பயிற்சிக்கு ஒரு கொப்பி வேண்டும் என்று நினைத்து டிபிநேமில் பயிற்சி டேட்டாபேஸைக் கொடுத்து, க்ளீனையும் க்ரியேட்டையும் சேர்த்துப் போட்டால், அது பயிற்சியைத் தொடாது. ஓடிக்கொண்டிருக்கிற உண்மைச் சம்பள டேட்டாபேஸை அழித்துவிட்டு, பழைய பெக்கப்பிலிருந்து புதிதாகக் கட்டப் பார்க்கும். பயிற்சிக் கொப்பிக்கு க்ரியேட் கூடவே கூடாது, காலியான டேட்டாபேஸ் ஒன்றை முதலில் கையால் உருவாக்கிவிட்டு அதற்குள் மீட்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதுங்கள். காரணம் எழுதாத தடையை ஆட்கள் கொஞ்ச நாளில் மீறிப் பார்ப்பார்கள்.

மைஎஸ்கியூஎல்டம்ப் எடுத்த ஃபைலுக்குள், நாம் கேட்காமலேயே ஒவ்வொரு டேபிளுக்கும் முன்னால் "இருந்தால் அழி" என்ற வரி இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் டேட்டாபேஸை அழிக்கிற ட்ரொப்டிபி கருவி இன்டரக்டிவ் ஒப்ஷன் கொடுக்காவிட்டால் கேட்காமலே அழித்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் டேபிள்களைச் சுத்தம் பண்ணுகிற வேக்யூம்டிபியின் ஃபுல் ஒப்ஷன் எதையும் அழிக்காது, ஆனால் டேபிளை முழுக்க மறுபடி எழுதுகிறது. அதுவரை அந்த டேபிளை யாரும் தொட முடியாது, டிஸ்க்கில் இன்னொரு கொப்பிக்கு இடமும் வேண்டும். மொங்கோடிபி என்ற டேட்டாபேஸின் மீட்புக் கருவியான மொங்கோரீஸ்டோரில் ட்ரொப் இருக்கிறது, அதுவும் மீட்பதற்கு முன்னால் இருப்பதை அழிக்கிறதுதான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும்.

பாஸ்வேர்ட்

கொமாண்ட் வரியில் பாஸ்வேர்டை எழுதினால் அதே மெஷினில் இருக்கிற மற்றவர்கள் ஓடுகிற வேலைகளின் பட்டியலில் அதைப் பார்க்க வாய்ப்பிருக்கிறது, ஷெல்லின் வரலாற்றிலும் தங்கிவிடும். தாளை யாராவது போனில் படம் எடுத்து ஆபிஸ் குரூப்பில் போடுவார்கள், அது நடக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். உண்மையான பாஸ்வேர்ட், ஐபி முகவரி, தொழிலாளிகளின் ஈபிஎஃப் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எதுவும் உதாரணங்களில் வரக்கூடாது.

போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வீட்டு டிரெக்டரியில் பிஜிபாஸ் ஃபைல். ஒரு வரியில் ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், பயனர், பாஸ்வேர்ட், இடையில் முக்காற்புள்ளி. லினக்ஸில் அதன் அனுமதி 0600 ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஃபைலையே கணக்கில் எடுக்காது. ராத்திரி தானாக ஓடுகிற வேலைக்கு நோ-பாஸ்வேர்ட் ஒப்ஷனையும் சேருங்கள். ஃபைலில் பாஸ்வேர்ட் கிடைக்காவிட்டால், பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே பிழையோடு முடிந்துவிடும்.

மைஎஸ்கியூஎல்லில் பாஸ்வேர்ட் எழுதின ஃபைல் எங்கே என்று காட்டுகிற டிஃபோல்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல் ஒப்ஷன். இது மற்ற எல்லா ஒப்ஷன்களுக்கும் முன்னால், முதலாவதாக வர வேண்டும். பின்னால் போட்டால் அப்படியொரு ஒப்ஷனைத் தெரியாது என்று சொல்லும். இப்படி வரிசை முக்கியமான ஒப்ஷன்கள் அபூர்வம், அதனாலேயே எழுத மறந்துபோகும்.

தமிழ்ப் பெயர்கள் கெடாமல் இருக்க

செக்ரோலில் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிற ஆபிஸ்களுக்கு இது தனிப் பகுதி. எழுத்துகளைச் சேமிக்கிற முறையான யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். இடையில் எங்காவது லத்தீன்1 மாதிரி, தமிழ் எழுத்தே இல்லாத ஒரு கேரக்டர் செட் (எழுத்துத் தொகுதி) நுழைந்தால் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அந்த நிலையில் எடுத்த பெக்கப்பிலிருந்து பெயரைத் திரும்பப் பெற வழியில்லை. மைஎஸ்கியூஎல்டம்ப்பிலும் மீட்கிற மைஎஸ்கியூஎல் கருவியிலும் டிஃபோல்ட்-கேரக்டர்-செட் ஒப்ஷனை யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அது ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும் என்று தோன்றினாலும் எழுதுங்கள், அடுத்த மெஷினில் அப்படி இருக்கும் என்று யார் சொன்னது?

விண்டோஸில் பவர்ஷெல் பாவிக்கிறவர்களுக்கு இன்னொன்று. மைஎஸ்கியூஎல்டம்ப்பின் வெளியீட்டைக் கோணக் குறியால் ஃபைலுக்குத் திருப்பினால், விண்டோஸோடு வருகிற பவர்ஷெல் அதை யுடிஎஃப்-16 ஆக எழுதிவிடும். அந்த ஃபைலை மைஎஸ்கியூஎல் திரும்ப ஏற்றுக்கொள்ளாது. ரிசல்ட்-ஃபைல் ஒப்ஷனில் ஃபைல் பெயரைக் கொடுத்தால் கருவியே நேராக எழுதும், பிரச்சினை வராது.

முடிந்தது என்று எப்படித் தெரியும்?

பிஜி_டம்ப் சரியாக ஓடினால் ஒன்றுமே சொல்லாது. புதிதாகப் பார்க்கிறவர் ஏதோ நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி ஓட்டுவார். "ஒன்றும் வராமல் மறுபடி கொமாண்ட் கேட்டால் சரியாக முடிந்தது" என்று எழுதுங்கள். எழுத்து வடிவ பெக்கப் என்றால் ஃபைலின் கடைசி வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் வழக்கமாக டம்ப் கம்ப்ளீடட் என்று தேதியோடு முடிக்கும், பிஜி_டம்ப்பும் டேட்டாபேஸ் டம்ப் கம்ப்ளீட் என்று எழுதி முடிக்கும். நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போவது புதிதில்லை, பாதியில் நின்ற ஃபைலில் அந்த வரி இருக்காது.

போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎஸ்கியூஎல் கருவி வழியாக ஸ்கிரிப்ட் ஓட்டும்போது நடுவில் ஒரு வரி பிழைத்தாலும் அது அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் எக்ஸிட் கோட் (எப்படி முடிந்தது என்று சொல்கிற எண்) 0, அதாவது எல்லாம் சரி, என்று சொல்லும். ஒன்-எரர்-ஸ்டொப் என்ற மாறியை 1 என்று கொடுத்தால்தான் முதல் பிழையிலேயே நிற்கும், எக்ஸிட் கோட் 3 வரும். இணைப்பு அறுந்தால் 2. இந்த எண்களைத் தாளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடுத்து யாருக்குப் போன் எடுக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பெக்கப்பைக் குழாய்க் குறி (நிமிர்ந்த கோடு) போட்டு, சுருக்குகிற கருவியான ஜீஸிப்புக்கு அனுப்புகிறீர்கள் என்றால் ஷெல் சொல்கிற எக்ஸிட் கோட் ஜீஸிப்புடையது, பெக்கப் தோற்றாலும் 0 வரும். பாஷ் ஷெல்லில் ஓடுகிற ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயிலைப் போடுங்கள், பெக்கப் தோற்றால் அது தெரிய வரும்.

பிழைச் செய்திகளைத் தமிழாக்காதீர்கள். திரையில் வருகிற ஆங்கில வரியை எழுத்து மாறாமல் போட்டு, கீழே தமிழில் என்ன அர்த்தம், என்ன செய்வது என்று எழுதினால்தான் திரையையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

வேறொருவரை வைத்து ஓட்டிப் பாருங்கள்

தாள் தயாரானதும், அதைப் பாவிக்கப் போகிறவரையே கூப்பிட்டுப் பயிற்சி டேட்டாபேஸில் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காதீர்கள். ஒரு தோட்ட ஆபிஸில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, கணினிப் பக்கம் புதிதாக வந்த தம்பி விரலைத் தாளில் வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஃபோர்மட் ஒப்ஷனில் வந்ததும் நின்றார்.

"அண்ணே, கஸ்டம்னு போட்டிருக்கு. நான் என்ன கஸ்டம் பண்ணணும்?"

தாளில் இருந்தது "கஸ்டம் வடிவத்தில் எடுக்கவும்" என்ற ஒரு வரிதான். அவர் கேட்டது முழுக்க நியாயம், அந்த இடத்தில் தான் ஏதோ தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். இப்போது அந்த இடத்தில் இப்படி இருக்கிறது: "கஸ்டம் என்பது பிஜி_டம்ப்பின் சொந்த வடிவத்தின் பெயர். நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே தட்டுங்கள். இந்த ஃபைலைத் திறந்து வாசிக்க முடியாது, மீட்பதற்கு பிஜி_ரீஸ்டோர் வேண்டும். இந்த ஒப்ஷனைக் கொடுக்காவிட்டால் எழுத்து வடிவில் வரும், அதை பிஜி_ரீஸ்டோர் ஏற்காது, பிஎஸ்கியூஎல் வழியாகத்தான் மீட்க வேண்டும்."

அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த வரியை இரண்டாவது தடவை வாசிக்கிறார்கள், எதை உங்களிடம் கேட்கத் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மீட்டெடுப்பதையும் கட்டாயம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பெக்கப்போடு மட்டும் நிறுத்தாதீர்கள்.

கரண்ட் இல்லாத நேரத்திலும் வாசிக்க அச்சில் ஒரு பிரதி, கொப்பி பண்ண மெஷினில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக ஒரு பிரதி. இரண்டிலும் தலைப்பில் கருவியின் பெயர், கருவி வெர்ஷன், சேர்வர் வெர்ஷன், ஓட்டிப் பார்த்த தேதி.

வெர்ஷன் மாறும்போது

கருவியைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும், ஆரம்பத்தில் சேமித்து வைத்த ஹெல்ப் ஃபைலையும் புதிய வெர்ஷனின் ஹெல்ப்பையும் டிஃப் கருவியால் ஒப்பிடுங்கள். மாறின வரிகள் மட்டும் வரும், அவற்றில் நம் தாளில் இருக்கிற ஒப்ஷன்கள் ஏதாவது உண்டா என்று பார்த்தால் போதும். ஹெல்ப் சொல்லாத ஒன்று, வழக்கமான மதிப்பு மாறுவது. அதற்கு அந்த வெர்ஷனின் வெளியீட்டுக் குறிப்பை வாசித்துத்தான் ஆக வேண்டும். நீக்கப்பட்ட ஒப்ஷனைத் தாளிலிருந்து அழித்துவிடாமல், எந்த வெர்ஷனோடு போனது, பதிலாக எது என்று அட்டவணையில் ஒரு வரி விட்டுவையுங்கள், பழைய ஸ்கிரிப்ட்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் பாவிக்கும். டெக்ஸ்ட் ஃபைலை, மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் கருவியில் வைத்தால் யார் எப்போது எந்த வரியை மாற்றினார் என்பதும் தெரியும். மாற்றம் முடிந்ததும் உதாரணக் கொமாண்ட்கள் எல்லாவற்றையும் பயிற்சி டேட்டாபேஸில் மறுபடி ஓட்டி, தலைப்பில் இருக்கிற தேதியை மாற்றி, பழைய அச்சுப் பிரதியை ஆபிஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.